நீலத் தார்பாய் போட்ட அம்பாரம்

என் மகளுக்கு ஐந்து வயது ஆகும்வரை, அவளுக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

எதைக் கேட்டாலும் "தெரியும்" என்பாள். நிலா ஏன் சின்னதாகிறது என்று தெரியுமா? தெரியும், அதற்குச் சளி பிடித்திருக்கிறது. பாண்டிச்சேரி பஸ் எப்போது வரும் என்று தெரியுமா? தெரியும், இப்போதே வரும். வராது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று காய்ந்த பிறகு, "வரும்னியேடி" என்று கேட்டால், "லேட்டா வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பாள். அந்த "முன்னாடியே"வைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறும்.

பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் வளர்த்த லட்சணம் அப்படி. என் நாத்தனார் கீழ்புத்துப்பட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வந்தால் செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள், வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். "எங்க சொல்லு பாப்பா, இந்தியாவோட தலைநகரம் எது?" என் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மரக்காணம்!" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வாள். வீடே அதிரும் சிரிப்பு. "அடி என் ராஜாத்தி, எப்டி டாண் டாண்ணு பதில் சொல்லுது பாரு" என்று கன்னத்தைக் கிள்ளி ஒரு சாக்லேட். சரியாகச் சொன்னாலும் சாக்லேட், தப்பாகச் சொன்னாலும் சாக்லேட். பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை அதே கேள்விக்கு விரலைச் சப்பிக்கொண்டு பேசாமல் நின்றான். "பாவம், இவன் கொஞ்சம் மந்தம் போல" என்று அவன் அம்மா காதில் விழும்படியே சொன்னாள் நாத்தனார். அவனுக்குச் சாக்லேட் இல்லை. என் மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ளும்?

என் வீட்டுக்காரர் அதற்கு மேல். உப்பளத்தில் நான்கைந்து பாத்திகள் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார். நல்ல மனுஷன்தான், கை சுத்தம், குடி கிடையாது. ஆனால் வாயில் "தெரியலை" என்ற சொல் மட்டும் வராது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்துக்கு வழி கேட்க மாட்டேன் என்று அடம்பிடித்து, தாலி கட்டி முடித்துப் பந்தி கலையும் நேரத்துக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். "வழியெல்லாம் எனக்குத் தெரியும், டிராஃபிக்குதான்" என்றார். மகள் பைக்கில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் தெரியும்" என்றாள். அப்பாவும் பெண்ணும் கூட்டணி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு நாள் அளத்தில் நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

எங்கள் பாத்திகளுக்கு அந்தப்புறம் ஒரு குழி இருக்கிறது. பாத்திக்கு உப்புத் தண்ணீர் இறைக்கத் தோண்டிய பள்ளம். கைப்பிடிச் சுவர் கிடையாது, வேலி கிடையாது. மோட்டார் ஓடாத நாளில் மேலே வெள்ளையாக ஆடை கட்டிக்கொண்டு, பக்கத்துப் பாத்திகள் எப்படியோ அப்படியே இருக்கும். பாத்தியில் தண்ணீர் கணுக்காலுக்கு வராது. குழியில் ஆள் முழுகும். பெரியவர்களுக்கு எது எது என்று கண் பழகியிருக்கும். நான் அவளைக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டி, "இது எவ்ளோ ஆழம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எவ்ளோ?"

அவள் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"முட்டியா? உங்கப்பாவே முழுகிப்புடுவாருடி! நீ எறங்கிப் பாத்தியா?" என்று கத்தினேன். அவள் முகம் மாறவில்லை. "அப்பா முழுகுவாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். ஒரு நீளக் கழியைக் குழிக்குள் விட்டு ஆழம் காட்டினேன். கழி முழுவதும் உள்ளே போயிற்று. தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சோறு ஊட்டும்போது மறுபடி கேட்டேன். மறுபடி முட்டியைத் தொட்டாள்.

அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிவதாகத்தான் இருக்கிறது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதே அந்தச் சின்ன மண்டைக்கு இன்னும் எட்டவில்லை. எட்டாத வரைக்கும் நான் எத்தனை கழி விட்டுக் காட்டினாலும் வீண். அந்தக் கோட்டை எப்படிக் காட்டுவது?

நான் டீச்சருக்குப் படித்தவள் இல்லை. ஆரோவில் பக்கம் ஒரு ஊதுபத்தி யூனிட்டில் பேக்கிங் வேலை. எனக்குத் தோன்றியதைச் செய்தேன். இரண்டு டம்ளரைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் கடலை மிட்டாயை வைத்தேன். அவள் பார்க்க வைத்துவிட்டு, "எதுல இருக்குது?" என்றால் சரியாகச் சொல்வாள். "பாத்தியா?" என்று கேட்பேன். "பாத்தேன்." பிறகு அவள் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு வைப்பேன். கட்டை அவிழ்த்து, "எதுல இருக்குது தெரியுமா?"

"தெரியும். இதுல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ணக் கட்டியிருந்தனேடி! எதால பாத்த?"

"கண்ணால."

இதே பாட்டு, சாயங்காலம் தோறும், வேலை விட்டு வந்து இடுப்பொடிய உட்கார்ந்து. என் வீட்டுக்காரர் டிவியில் இருந்து தலையைத் திருப்பாமல், "கொழந்தைய ஏன்டி போலீஸ் மாதிரி விசாரிக்கிற, மிட்டாயக் குடுத்துட்டுப் போவியா" என்பார். "ஆமா, நீங்க ரெண்டு பேரும்தான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே" என்று நான் டம்ளரை ணங்கென்று வைப்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கண்ணைக் கட்டாதபோது அவள் கை நேராகப் போய் டம்ளரைத் தூக்கும். கட்டியபோது வாய் மட்டும்தான் பட்டென்று "தெரியும்" என்றது. கை பாதி வழியில் நிற்கும். இந்த டம்ளர் மேல் கொஞ்சம், அந்த டம்ளர் மேல் கொஞ்சம் ஆடிவிட்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கும். தனக்குத் தெரியாது என்பது கைக்குத் தெரிந்திருந்தது. வாய்க்கு எப்போது தெரியும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பொறுமைக்கும் எனக்கும் எப்போதும் ஆகாது. அந்த மாதங்களில் நான் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஐப்பசி மழைக்கு முந்தைய சனிக்கிழமை அது. பருவம் முடிகிற நேரத்தில் அளத்தில் யாருக்கும் கை ஓயாது. வாரிய உப்பை வரப்போரம் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்போம், அதற்குப் பெயர் அம்பாரம். மழைக்கு முன்னால் லாரி பிடித்து ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் தார்பாய் போட்டு இறுகக் கட்ட வேண்டும். ஒரு நல்ல மழை போதும், வருஷத்துப் பாடு கரைந்து கழுவெளி ஏரித் தண்ணீரோடு போய்விடும். அன்று காலையிலேயே கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. ஸ்கூல் லீவ் என்பதால் மகள் அப்பாவோடு பைக்கில் போய்விட்டாள். எனக்கு அரை நாள் வேலை. முடித்துவிட்டு, கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து, ரோட்டோரத்துத் தகரக் கொட்டகையில் இறங்கி அவருக்கு போன் போட்டேன்.

"சோறு கொண்டாந்துட்டேன். நான் வரவா, நீங்க வர்றீங்களா?"

"பாப்பாவ அனுப்பிச்சு நேரமாச்சே. இன்னும் வரலியா?"

நான் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். அவள் இல்லை.

நடந்தது இதுதான். எனக்கு முன்னால் வந்த வேறொரு ஆட்டோவைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நான்தான் என்று நினைத்து, அவர் மகளிடம், "அம்மா வந்துட்டா. நீ போயி இரு, நான் இதக் கட்டிட்டு வர்றேன். வழி தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "நீலத் தார்பாய் போட்ட அம்பாரத்துகிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அளத்துக்காரர்கள் எல்லோரும் வழி சொல்வது இப்படித்தான். மரம் கிடையாது, வீடு கிடையாது, எல்லா வரப்பும் ஒரே மாதிரி. அம்பாரத்தை வைத்துத்தான் அடையாளம். தினம் பைக்கில் அந்த நீலத் தார்பாய் அம்பாரத்தில்தான் அவர்கள் திரும்புவார்கள், பிள்ளைக்கும் அது பாடம். ஆனால் அது அடுத்த குத்தகைக்காரருடைய அம்பாரம். காலையிலிருந்து லாரி நிறுத்தி அதைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அம்பாரமும் இல்லை, தார்பாயும் இல்லை, லாரியும் இல்லை. காலையில் இவர் கண்ணெதிரேதான் ஏற்றினார்கள். ஆனாலும் வாய் பழக்கத்தில் அதையே அடையாளம் சொல்லி ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்பிவைத்திருக்கிறார் மகானுபாவர்.

அந்த இடத்தில் வரப்பு இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கொட்டகை. இடது பக்கம் குழி. குழியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேறு யாருடையதோ ஒரு அம்பாரம். அதற்கும் நீலத் தார்பாய்தான்.

நான் கேரியரைப் போட்டுவிட்டு ஓடினேன். தூறல் ஆரம்பித்துவிட்டது, வரப்பு வழுக்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் ஓடிவருவது தெரிந்தது. நான் அவளைத் தேடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் குழியைத்தான் தேடியது. மேலே வெள்ளை ஆடை கலைந்திருக்கிறதா, பாவாடை நுனி ஏதாவது தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

வரப்பு பிரிகிற இடத்தில், அம்பாரம் இருந்த தடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் கிடந்தது. அதன் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள். தலையில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை.

"ஏன்டி இங்க உக்காந்திருக்க?" என்று நான் அலறினேன்.

"அம்பாரம் இங்கதான் இருந்துச்சு. காணோம்" என்றாள். பிறகு கையை நீட்டி, குழிக்கு அப்பால் இருந்த நீலத்தைக் காட்டினாள். "அங்க ஒண்ணு இருக்குது. ஆனா அது அதானான்னு தெரியல. எனக்கு வழி தெரியலம்மா."

ஒரு வருஷமாக நான் டம்ளரைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காத்திருந்த சொல். எனக்கு அப்போது சந்தோஷமெல்லாம் வரவில்லை. அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவ்வளவுதான்.

அதற்குள் அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பயம் தெளிந்ததும் ஆண்களுக்குக் கோபம் வருமே, அது வந்தது. "இத்துனூண்டு வழி. தினம் வர்ற வழி. இது கூடவா பாப்பா தெரியல ஒனக்கு? தெரியும்னுதானே சொன்ன?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "வாய மூடுங்க!" என்றேன். பக்கத்துப் பாத்தியில் தார்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "தெரியும்னு சொன்னப்ப அனுப்பிச்சீங்க, தெரியலன்னு சொல்றப்ப திட்றீங்களா? அவ தெரியும்னு போயிருந்தா இந்நேரம் அதுல மெதந்திருப்பா! அதோ, அதுல!" அவர் குழியைப் பார்த்தார். அப்புறம் அந்தப்பக்கத்து நீலத் தார்பாயைப் பார்த்தார். மகளின் தலையைத் துண்டால் துவட்டினார். அன்று யாரும் சோறு சாப்பிடவில்லை.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. புதுச் செருப்பு கிடைத்த பிள்ளை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் நடக்குமே, அப்படி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "சாப்ட்டியா?" "தெரியல." "உன் ஜாமெட்ரி பாக்ஸ் எங்க?" "தெரியல." பாக்ஸ் கையில் இருக்கும். "வயித்த வலிக்குதா?" "தெரியல." ஐயோ ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. முன்பு எல்லாம் தெரிந்தவளோடு மாரடித்தேன், இப்போது எதுவுமே தெரியாதவளோடு. நாத்தனார் தீபாவளிக்கு வந்து தலைநகரம் கேட்டாள். "தெரியல அத்தை" என்றாள் இவள். நாத்தனார் என்னைப் பார்த்து, "என்ன அண்ணி, கொழந்த மழுங்கிப்போச்சு? கண்ணு பட்ருக்கும், சுத்திப் போடுங்க" என்றாள். நான் அடுப்படிக்குப் போய் முறுக்கை நொறுக்கி நொறுக்கித் தின்றேன்.

மார்கழி வாக்கில் மெல்லத் தெளிந்தது. கேட்டால் கொஞ்சம் நிறுத்தி யோசிப்பாள். "இது தெரியும், அது தெரியல" என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தாள். குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "எவ்ளோன்னு தெரியல. அப்பா முழுகுவாரு. நான் கிட்ட போவ மாட்டேன்" என்றாள். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். கோடு விழுந்துவிட்டது. இனி யாரும் அதை அழித்துவிடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

அழிக்க ஆள் தயாராக இருந்தது. பொங்கல் முடிந்து ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங். அவள் மிஸ் நல்ல பெண், சின்ன வயசு. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வருத்தமான முகத்தோடு ஆரம்பித்தாள். "முன்னாடியெல்லாம் எதக் கேட்டாலும் முதல் ஆளா கை தூக்குவாங்க. இப்ப தெரியாது, தெரியாதுன்னே சொல்றாங்க. கான்ஃபிடன்ஸ் போயிடுச்சு. வீட்ல ஏதும் பிரச்சினைங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இப்பப் பாருங்க" என்று மிஸ் படப் புத்தகத்தைத் திறந்து மகள் முன்னால் வைத்தாள். வெள்ளையாக, உருண்டையாக ஒரு மேடு. கீழே ஒரு சின்ன வாசல். "இது என்ன, சொல்லு கண்ணா."

அவள் புத்தகத்தில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "அம்பாரம் மாதிரி இருக்குது மிஸ். ஆனா கதவு இருக்குது. அதனால என்னன்னு தெரியல."

"பாத்தீங்களா?" என்று எங்களிடம் சொன்ன மிஸ், அவளிடம் குனிந்து, "தெரியலைன்னு சொல்லக் கூடாது கண்ணா. ஏதாவது ஒண்ணு சொல்லணும். தப்பா இருந்தா மிஸ் திட்ட மாட்டேன்" என்றாள்.

ஏதாவது ஒண்ணு சொல்லணுமாம். ஏதாவது ஒரு நீலத் தார்பாயை நோக்கிப் போகணுமாம். மகள் என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் அவளுக்கு முட்டுக்கொடுக்க முந்திக்கொண்டார். "அம்பாரம்தான் பாப்பா. தைரியமா சொல்லு, அம்பாரம்னு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அம்பாரத்துக்குக் கதவு இருக்குமாப்பா? நீ பாத்தியா?"

என் கேள்வி. டம்ளர் கேள்வி. அவர் வாய் "இருக்கும்" என்று சொல்லத் திறந்ததை நான் பார்த்தேன். அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, மூடிக்கொண்டது. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"இல்ல பாப்பா. பாத்ததில்ல. எனக்கும் இது என்னன்னு தெரியல" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் அதை முதல்முறை கேட்டேன்.

மிஸ் சங்கடமாகச் சிரித்தாள். "அது இக்லூங்க. பனிக்கட்டியில கட்டுற வீடு. குளிர் நாட்டுல அதுலதான் இருப்பாங்க."

என் மகள் அவள் பக்கம் திரும்பினாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "நீங்க பாத்தீங்களா மிஸ்?"

மிஸ் என்னைப் பார்த்தாள். "இதத்தாங்க சொல்றேன். பதிலுக்குப் பதில் கேள்வி கேக்கறாங்க. வீட்ல கொஞ்சம் சொல்லி வைங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையை அழுத்தினார். சண்டை வேண்டாம் என்கிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் அவர் மிஸ்ஸைப் பார்த்து, தணிந்த குரலில், வேலை முடிந்து வந்த சட்டையில் இன்னும் உப்பு ஒட்டிக்கொண்டிருக்க, கேட்டார்:

"சொல்லி வைக்கிறோம் மிஸ். மொதல்ல பாப்பா கேட்டதுக்குச் சொல்லுங்க. பாத்தீங்களா?"